கேட்டால் மட்டும்

எங்கள் அலுவலகத்தில் ஒரு சட்டம் உண்டு. கேட்காமல் யாருக்கும் உதவக் கூடாது. கேட்டால், எப்படிச் செய்யணும் என்று தெரிந்துகொண்டு செய்ய வேண்டும். போட்டவள் நான். என் சக்கர நாற்காலியைப் பின்னாலிருந்து தள்ளிப் புண்ணியம் தேட வந்த எத்தனையோ பெரிய மனிதர்களை இந்த வாயால் விரட்டியிருக்கிறேன். என்னைப் போல உடம்பு முடியாமல் வீட்டு மூலையில் கிடந்தவர்களைக் கிளப்பி, தனி வீடு பார்த்துக் கொடுத்து, வேலையில் உட்காரவைப்பதுதான் என் பிழைப்பு.

போன வாரம் என் கையிலிருந்து டீ கப் நழுவி மடியில் கொட்டியது. கால்களோடு நின்றிருந்த நோய் இப்போது விரல்களுக்கு வந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே எனக்குச் சூடு தெரியாது. பயமாவது வந்திருக்க வேண்டும், அதுவும் வரவில்லை. சுற்றிலும் ஆட்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை, நான்தான் கேட்கவில்லையே. அவ்வளவு ஒழுங்காகப் பழக்கி வைத்திருக்கிறேன், பாவிகளை. ஈரத் துணியோடு மாலை வரை ஃபைல் பார்த்தேன்.

கணக்குப் பார்க்கும் பெண்ணுக்குத்தான் மனசு கேட்கவில்லை. என் அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டாள்.

இன்று அவன் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தான்.

"வீட்டைக் காலி பண்ணிடு. நம்ம வீட்டுல கீழேயே உனக்கு ரூம் ரெடியா இருக்கு. அண்ணி பாத்துக்குவா. நீ வாயத் திறக்கவே வேண்டாம், எல்லாம் தானா நடக்கும்."

நல்லவன். சின்ன வயதில் என்னை முதுகில் சுமந்து பள்ளிக்குக் கொண்டுபோனவன். இதையும் பிரியத்தில்தான் சொன்னான். எனக்கு ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. சரி என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடும். நான் தனியாக வாழும் வீட்டின் சாவி பைக்குள் இருந்தது. எடுத்துக் கொடுக்கக்கூட விரல் வராது, அவனே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ரேடியோ டீ கொண்டுவந்தான். பிறவியிலேயே பார்வையில்லாதவன், எங்கள் தொலைபேசியைக் கவனிப்பவன், வாய் ஓயாததால் அந்தப் பெயர். மேசை விளிம்பைத் தடவிக் கப்பை வைத்துவிட்டு நின்றான். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அண்ணன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தான்.

சத்தம் கேட்டு ரேடியோ திரும்பினான். "உக்காருங்க சார். மேடம் இன்னும் கேக்கல."

"என்னப்பா இது, கூத்தா இருக்கு. அவளால முடியலன்னு தெரியுதுல்ல?"

"எனக்கு எங்க சார் தெரியுது?"

அண்ணனுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. உட்கார்ந்தான்.

தனியாக வாழ்வது என்றால் எல்லாவற்றையும் தானே செய்வதல்ல, யார் எப்படிச் செய்ய வேண்டும் என்று தானே சொல்வது. ஊர் ஊராய், மேடை மேடையாய் இதைப் பேசியவள் நான். பேசும்போதெல்லாம் எனக்கு இரண்டு கையும் நன்றாக இருந்தன.

"ரேடியோ," என்றேன். குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "கப்பைக் கொஞ்சம் பிடி."

"எப்படிப் பிடிக்கணும், சொல்லுங்க."

"எனக்கு வலது பக்கம் வா. இன்னும் மேல. மூக்குல இடிக்காத. நில்லு. இப்ப சாய், மெதுவா."

உதட்டில் பட்டது. குடித்தேன். கொஞ்சம் தாடையில் வழிந்தது. அண்ணன் கைக்குட்டையை எடுத்துவிட்டு, எடுத்த கையோடு அப்படியே இருந்தான். எனக்குச் சந்தோஷமெல்லாம் இல்லை. உள்ளே எல்லாம் பழையபடி அசையாமல்தான் கிடந்தது. ஆனால் டீ ஆறிப்போயிருந்தது, அது நன்றாகத் தெரிந்தது.

"ஆறிப்போச்சு. வேற கொண்டு வா."

"சக்கரை எப்படி?"

"குறைச்சு."

அவன் போனான். அண்ணன் கைக்குட்டையைக் காட்டி, இத்தனை வருஷத்தில் கேட்டிராததைக் கேட்டான்.

"தொடச்சு விடட்டுமா?"

"தொடச்சு விடு. இடது பக்கம்."

துடைத்தான். முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "அந்த ரூமை வாடகைக்கு விட்டுடு அண்ணா," என்றேன்.