தரகர் காட்டாத அறை

பன்னிரண்டாயிரம் தேனீக்கள் வாடகைக்கு வீடு கேட்டுத் தரகரிடம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு. அவருடைய ஸ்கூட்டர் கைப்பிடியில் பூசணிக்காய் அளவுக்குத் தொங்கிக்கொண்டு காத்திருந்தன. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரி, "அண்ணே, புகை போட்டு விரட்டிடலாமா?" என்றாள். "வந்த பார்ட்டிய விரட்டினா தொழில் என்னத்துக்கும்மா ஆகும்?" என்று தரகர் சாவிக்கொத்தை எடுத்தார்.

முப்பது வருடத்தில் அவர் பார்க்காத பார்ட்டியா? கணவனுக்குப் பிடித்த வீடு மனைவிக்குப் பிடிக்காது. இருவருக்கும் பிடித்தால் மாமியார் மூக்கைச் சிந்துவாள். இவை அப்படியில்லை. ஒரு தேனீ முன்னால் போய் வீட்டை அளந்துவிட்டு வந்து, லைசென்ஸுக்கு எட்டுப் போடுவதுபோல் கூட்டத்தின் மேல் ஆடிக் காட்டும். எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்பதெல்லாம் அந்த ஆட்டத்திலேயே இருந்தது. மூன்றாம் நாளே தரகருக்குப் பிடிபட்டுவிட்டது. ஒன்று ஆடியதை நம்பி மற்றவை ஆமாம் போடுவதில்லை. தானே போய்ப் பார்த்த பிறகுதான் எதுவும் ஆடும். ராணி வாயே திறக்கவில்லை. ஒரு வாரத்தில் பதினோரு வீடு கழிந்தது.

எட்டாம் நாள் ஒரு தேனீ ஆடிக் காட்டியது தரகரின் சொந்த வீட்டு மாடியறையை. அவர் மனைவி துணி தைத்த அறை அது. அவள் இறந்த நாளிலிருந்து நான்கு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. உடைந்த ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறது. "அது வாடகைக்கு இல்ல," என்றார் தரகர்.

மாலைக்குள் ஆடாத தேனீ ஒன்றுகூட இல்லை. ஆனாலும் கூட்டம் கிளம்பவில்லை. மழை பிடித்தது. மூன்று நாள் நனைந்து, பல தேனீக்கள் கொத்துக் கொத்தாய்க் கீழே விழுந்து செத்தன.

"உங்க ஒருத்தர் சம்மதத்துக்குத்தாண்ணே காத்துக் கிடக்குதுங்க," என்றாள் ஜெராக்ஸ் கடைக்காரி.

பார்க்காமல் சம்மதம் சொல்ல அவற்றின் வழக்கத்தில் இடமில்லை. தரகர் மாடியேறிப் பூட்டைத் திறந்தார். ஒரு கை மட்டும் வைத்துத் தைத்த அவருடைய சட்டை, மெஷின் ஊசிக்கடியில் அப்படியே இருந்தது. அதை முகத்தில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். பிறகு இறங்கிவந்து, நடுத்தெருவில், நாலு பேர் பார்க்க, அறுபத்திரண்டு வயது இடுப்பை ஆட்டி எட்டுப் போட்டார். கூட்டம் மொத்தமாக எழுந்து மாடிக்குப் போனது.

வெளியூர் மகள் ஞாயிறுதோறும் போனில், "இன்னும் தனியாத்தான் இருக்கீங்களாப்பா?" என்பாள்.

"மாடிய வாடகைக்கு விட்டாச்சும்மா."

"எத்தன பேரு?"

"கொஞ்சம் பெரிய குடும்பம்."

மதியம் சாப்பிட்டதும் அவர் அந்த அறைச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்காருவார். மழைக்காலத்திலும் சுவர் கதகதப்பாகவே இருந்தது.