பால் காய்ச்சிய அறை

வீடு என்று சொன்னதை நம்பியதுதான் மாடத்தி செய்த குற்றம்.

கொச்சியில், கொச்சங்காடி என்ற இடத்தில் ஒரு மிளகு கோடவுன் வாசலில் நாலு வருஷம் கிடந்தவள் அவள். புருஷன் முனிசிபாலிட்டியில் தெரு கூட்டியவன். அவன் செத்த கையோடு குவார்ட்டர்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவளுடைய சர்க்கரை வியாதிக்கு ஆஸ்பத்திரியில் இன்சுலின் சும்மா கொடுத்தார்கள். ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லியும் கொடுத்தார்கள். தெருவில் கிடப்பவளிடம் அப்படிச் சொல்ல எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்? கோடவுன் வாட்ச்மேன் தன் தண்ணீர்ப் பானையில் குப்பியைப் போட்டு வைத்துக்கொள்ள விட்டார். போன கோடையில் அவரை மாற்றினார்கள். பானையும் அவரோடு போனது. மருந்து வெயிலில் கெட்டது. கால் புண் அழுகி, இரண்டு விரல்களை வெட்டி எடுத்தார்கள்.

விரல் போன பிறகுதான் ஊருக்குக் கருணை பொங்கியது. நர்ஸ் மஞ்சுஷா அலையாய் அலைந்து, போக்கிடம் இல்லாத நோயாளிகளுக்காக ஒரு டிரஸ்ட் மட்டாஞ்சேரியில் நடத்தும் வீட்டில் இடம் வாங்கித் தந்தாள். ஆளுக்கு ஓர் அறை, பொதுவாக ஒரு ஃபிரிட்ஜ். ஊசி போட அவளே தினமும் வருவாள். மேனேஜர் சிவசங்கரன் பாலக்காட்டுத் தமிழர். மாலை போட்டு, சாவியைக் கொடுத்து, போட்டோவுக்குச் சிரித்தபடி, "இனிமே இது உன் வீடாக்கும்" என்றார்.

உன் வீடு என்றால் அவள் வேறென்ன செய்வாள்? மறுநாள் காலை சாயாக்கடை அஜீஷிடம் மண்ணெண்ணெய் ஸ்டவ்வை இரவல் வாங்கி, அறையில் பால் காய்ச்சினாள். பால் நன்றாகவே பொங்கியது. பக்கத்து அறைகளுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு மடக்கு கொடுத்தாள். சிறுநீரகம் கெட்டுத் தண்ணீரைக்கூட அளந்து குடிக்கும் பிச்சை என்பவர், நாக்கு நனைய மட்டும் வாங்கிக்கொண்டார்.

சிவசங்கரனுக்கு மண்ணெண்ணெய் வாடை எட்டியது. வந்தவர் ஸ்டவ்வைப் பார்த்தார்.

"அறையில தீ மூட்டப்படாதுன்னு நேத்தே சொன்னேனோல்லியோ? ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் அடுப்பு வைப்பா. இன்னிக்கே அறையை ஒழிச்சுத் தரணும்."

ஊசி போட வந்திருந்த மஞ்சுஷா, "ஒரு வார்னிங் போரே சாரே?" என்று, எச்சரித்து விட்டால் போதாதா எனக் கேட்டுப் பார்த்தாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தீப்பிடிக்கும் என்ற பயம் நியாயம்தான். ஸ்டவ்வை எடு என்றால் எடுத்திருப்பாள். இவர் ஆளையே அல்லவா எடுக்கச் சொல்கிறார்.

"தீ கூடாதுன்னா சமைக்கக் கூடாதுன்னு நெனச்சேன் சாரே. பால் காய்ச்சாம யாராவது புது வீட்டுக்குக் குடி போவாங்களா? நீங்களும் காக்கநாட்டுல வீடு கட்டினீங்களாமே, அப்ப காய்ச்சலியா?"

"அது என் சொந்த வீடு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாடத்திக்கு உச்சி முதல் உள்ளங்கால்வரை எரிந்தது. நேற்று போட்ட மாலைகூட வாடவில்லை, அதற்குள் சத்திரத்தில் ஒண்டியவளாகிவிட்டாள்.

அவர் ஃபிரிட்ஜைத் திறந்து, அவளுடைய குப்பியை எடுத்து நீட்டினார். "இதையும் கொண்டு போ. மருந்தைப் பிடிச்சு வச்சுண்டோம்னு ஒரு பேச்சு வரப்படாது."

அவள் கை நீட்டவில்லை. வெட்டுப்பட்ட காலை முன்னால் போட்டு, அறை வாசலிலேயே உட்கார்ந்தாள்.

"இதை எங்க வைக்கணும்னு சொல்லுங்க சாரே, போயிடறேன்."

அவர் குப்பியைக் கை மாற்றிப் பிடித்தார்.

"எடம் தெரியலேன்னா கையிலயே பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. இது கெட்டா மிச்சக் காலும் போயிரும். மருந்தை நீங்களே நின்னு கெடுத்துட்டுச் சொல்லுங்க, எந்திரிச்சுப் போறேன்."

மற்ற அறைக்காரர்களும் வாசலுக்கு வந்து நின்றார்கள். யாரும் சிவசங்கரனுக்கு வழி விடவில்லை. குப்பியில் முத்து முத்தாக வியர்த்த தண்ணீர் அவர் விரல் வழியே சொட்டியது. கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குப்பியைத் திரும்ப ஃபிரிட்ஜுக்குள் வைத்து, கதவை அறைந்து சாத்தினார்.

"ஸ்டவ் இங்க இருக்கப்படாது" என்றார்.

"அது அஜீஷோடது. கொடுத்துருவேன்."

பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுத்தவர் போல, அவள் கும்பிடுவாள் என்று இன்னும் கொஞ்சம் நின்றார். மாடத்தி கும்பிடவில்லை. மஞ்சுஷா பக்கம் திரும்பி, ஊசிக்குக் கையை நீட்டினாள்.