பிறைக் கணக்கில் முப்பத்தாறு

அறிவித்தல் பலகையில் நேர்முகத் தேர்வுக்கான பதினான்கு பெயர்கள் இருந்தன. றலியாவின் பெயர் இல்லை. கொட்டாஞ்சேனையிலுள்ள அந்தத் தனியார் பாடசாலை, நூலக உதவியாளர் பதவிக்கு முப்பத்தைந்து வயது பூர்த்தியாகாதவர்களையே கேட்டிருந்தது. அவளுக்கு அது பூர்த்தியாக இன்னும் பத்து நாள் இருந்தது. அது கடந்துவிட்டால் இத்தகைய வேலை எதற்கும் அவள் விண்ணப்பிக்க இயலாது.

எழுதுவினைஞர் சூசைதாசன் கோப்பைப் புரட்டி அவளுடைய படிவத்தை நீட்டினார்.

"நீங்களே முப்பத்தாறு எண்டு எழுதிப்போட்டு என்னட்டக் கேட்டா நான் என்ன செய்யிறது, தங்கச்சி?"

படிவத்தில் இருந்த எழுத்து அவளுடைய தந்தை, வாப்பா பதியுதீனுடையது. அவளுடைய வலக்கை கட்டுப் போடப்பட்டிருந்ததால் அவரே படிவத்தை நிரப்பினார்; அவள் இடக்கையால் ஒப்பமிட்டதோடு சரி. வாப்பா பிறையைக் கொண்டே வயதை எண்ணுபவர். பிறை ஆண்டு சூரிய ஆண்டைவிடப் பத்துப் பதினொரு நாள் குறைவு. முப்பத்தாறு ஆண்டுகளில் அது வயதில் ஓர் ஆண்டுக்கு மேலேயே கூட்டிவிடும். வீட்டில் ஒரு வயது, வெளியில் ஒரு வயது என்று, செருப்பு மாற்றுவதைப்போல மாற்றிப் பழகியவள் அவள். படிவமோ வயதை மட்டும் கேட்டது. பிறந்த திகதியைக் கேளாமல் வயதைக் கேட்கும் அறிவீனத்தை என்னென்பது!

அவள் வீட்டுக்கு அழைத்தாள்; தொலைபேசியின் ஒலிபெருக்கியில் வாப்பா சீறினார். "பொய்யா மகள் நான் எழுதின? பிறைக்கு முப்பத்தாறு முடிஞ்சிதானே ஈக்கி!"

"ஸ்கூல்ல பிறை பாக்கிறல்ல வாப்பா!"

சூசைதாசன் மேசைமீது சாய்ந்து தொலைபேசிக்குள் குரல் கொடுத்தார். "பெரியவர், எனக்கு அம்பத்தெட்டு. உங்கட கணக்கில எத்தினை?"

மறுமுனை சற்று நேரம் முணுமுணுத்தது. "அறுவது நடக்குது, தொரை."

"ஐயோ, மெல்லக் கதையுங்கோ! இவங்கள் கேட்டா இண்டைக்கே பென்சன்ல அனுப்பிப்போடுவாங்கள்."

றலியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் பிறப்புச் சான்றிதழை நீட்டினாள். அவர் திகதியைப் பார்த்தார்; விரல்மடிப்புகளில் மாதங்களை எண்ணினார்; இன்னொரு முறை எண்ணினார்; பின்னர் அதை எடுத்துக்கொண்டு அதிபரின் அறைக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே யாரோ இருமுவது கேட்டது. பட்டியல் முடிந்துவிட்டது என்று சொல்லிவிடுவார்களோ என்று அவள் கட்டுப்போட்ட கையை மறுகையால் பற்றிக்கொண்டு நின்றாள்.

திரும்பி வந்தவர் பலகையிலிருந்து பட்டியலைக் கழற்றினார்.

"சேத்துக்கொள்ளட்டாம். கடைசியாக் கூப்பிடுவினம்."

அவள் அப்படியே சுவரோரத்து மர வாங்கில் உட்கார்ந்துவிட்டாள். இப்போதுதான் அந்த அறுபது ஞாபகம் வந்து, அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வேலை கிடைக்குமோ கிடைக்காதோ, கேள்வி கேட்கவாவது கூப்பிடுவார்கள்.

தட்டச்சு வரிகளின் அடியில் சூசைதாசன் நீல மையால் அவள் பெயரை எழுதத் தொடங்கினார்.

"சின்ன ர இல்ல சேர்," என்று அவள் எழுந்து எட்டிப் பார்த்தாள். "பெரிய ற போடுங்க."

அவர் வெட்டினார், திருத்தினார், தாளைத் தூக்கி மின்விசிறியின் கீழே பிடித்தார். பதினான்கு கறுப்புப் பெயர்களும் படபடத்தன. பதினைந்தாவது ஈரமாக மின்னிக்கொண்டிருந்தது.