பின் சீட்டு

கடைக்குள் நுழைந்ததும் என் புருஷன் ரொஸேர் நேராகப் போய் ஒற்றை சீட்டு வண்டி ஒன்றின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டான். நான் இன்னும் கதவைக்கூடச் சாத்தவில்லை, பூட்ஸில் ஒட்டியிருந்த பனியை உதறிக்கொண்டிருந்தேன். பச்சை நிறம், நீண்ட மூக்கு, பந்தயம் விடுகிற பயல்கள் வாங்கும், பனிமேல் ஸ்கூட்டர் மாதிரி ஓட்டுகிற மோட்டார் பனிவண்டி அது. சாப்பாட்டுக் கடையில் இடம் பிடிக்கிற மாதிரி தன் கையுறைகளைக் கழற்றி அதன் முன்னால் வைத்தான். வலது கைக்குக் கறுப்பு, இடது கைக்கு ஆரஞ்சு. எனக்கு சுறுக்கென்று கோபம் வந்தது. இந்த மனுஷனுக்கு வலது பக்கம் பாதி உலகம் தெரியாது. காப்பிக் கோப்பையை வலது பக்கம் வைத்துவிட்டால் "காப்பி எங்கடி?" என்று கேட்பான். இவனுக்கு ஒற்றை சீட்டு கேட்கிறது!

போன ஆகஸ்டில் அவன் தலைக்குள் சின்னதாக ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. கை, கால், பேச்சு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தன. பார்வையில் வலது பாதி மட்டும் வரவில்லை, இரண்டு கண்ணிலும். கார் ஓட்டக் கூடாது, படகு ஓட்டக் கூடாது, பனிவண்டியும் கூடாது என்று டாக்டரம்மா லைசென்ஸை வாங்கிக்கொண்டார். காருக்கும் படகுக்கும் தலையாட்டியவன், மூன்றாவதற்கு எழுந்து வெளியே போய்விட்டான். எங்கள் பனிவண்டி கிளப்பில் முழங்கால் வலி என்று சொல்லிவைத்தான். எங்கள் ஊர் ரோபர்வாலைச் சுற்றி முழங்கால் வலிக்கு மருந்து சொல்லாத வாய் இல்லை. பக்கத்து வீட்டுக்காரன், கயேதான் என்று பேர், ஒரு டப்பா கரடிக் கொழுப்பு கொண்டுவந்து கொடுத்தான். இவனும் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து, சொன்ன பொய்க்கு ஒத்தாசையாக, தினம் அதை முழங்காலில் தடவிக்கொண்டிருந்தான். வீடெல்லாம் நாறியது.

நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், அந்த ஜன்னலைத்தான் பொறுக்க முடியவில்லை. எங்கள் ஏரி உறைந்ததும் அதன் மேல் வண்டிகள் போக ஆரம்பித்துவிடும், சத்தம் கேட்டதும் இவன் எழுந்து நிற்பான். ஒவ்வொரு பிப்ரவரியிலும் கிளப்பைக் கூட்டிக்கொண்டு, காடு மலை தாண்டி, பெரிய ஆற்றைக் கப்பலில் கடந்து, காஸ்பே முனை வரை போய்த் திரும்புகிறவன் அவன். முன்னால் போகிறவனுக்கு ஒரு கடமை உண்டு. எதிரே வண்டி வந்தால், தனக்குப் பின்னால் இன்னும் எத்தனை வண்டி வருகிறது என்று இடது கை விரல்களைத் தூக்கிக் காட்ட வேண்டும். அடுத்தடுத்தவர்கள் ஒவ்வொரு விரலாகக் குறைப்பார்கள். கடைசி வண்டிக்காரர் முஷ்டியைக் காட்டுவார்: என்னோடு முடிந்தது, இனி நீ தாராளமாகப் போகலாம். புழுதிப் பனியிலும் கண்ணில் பட வேண்டும் என்று சாலைப் பணியாளர் போடுகிற பளிச்சென்ற துணியை வெட்டி அந்த ஆரஞ்சுக் கையுறையை நானே தைத்துக் கொடுத்திருந்தேன். அதைப் பார்த்தாலே ரொஸேர் கூட்டம் வருகிறது என்று ஜில்லா முழுக்கத் தெரியும். இந்த வருஷம் கயேதான் முன்னால் போவதாக ஏற்பாடு. நாங்கள் போகாவிட்டால் இந்த மனுஷன் ஜன்னலோரத்திலேயே கிழவனாகிவிடுவான் என்று எனக்குப் பயம். பயம் என்று பொத்தாம் பொதுவாகச் சொல்கிறேன், ராத்திரியில் நான் அழுததும் உண்டு.

போவதற்கு ஒரே வழிதான் இருந்தது. முப்பது குளிர்காலம் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்திருந்த நான் முன் சீட்டுக்கு வர வேண்டும், அவன் பின்னால் போக வேண்டும். சொல்லிப் பார்த்தேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பழைய வண்டியின் எஞ்சினும் போன வருஷமே உயிரை விட்டிருந்தது. நான் விடவில்லை. "சரி, நீ வர வேணாம். நான் மட்டும் சில்வேன் கடைக்குப் போறேன். எந்தக் கலர் கண்ணுக்கு அழகா இருக்கோ அதை வாங்கிட்டு வரேன்" என்றேன். கலரைப் பார்த்துப் பனிவண்டி வாங்குவதா! நான் காரைக் கிளப்புவதற்குள் வந்து உட்கார்ந்துவிட்டான்.

இப்போது சில்வேன் ஓடி வந்தான். கடை அவனுடையதுதான், ஆனால் நடை எப்போதும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பையன் மாதிரி இருக்கும். "ரொஸேர் அண்ணே! முழங்கால் எப்படி இருக்கு? இதுல உட்கார்ந்ததும் சரியாயிடுச்சு போல!" என்று ஆரம்பித்து, எஞ்சின் எத்தனை குதிரை சக்தி, எடை எவ்வளவு குறைவு என்று மழையாகப் பொழிந்தான். நான் ஒருத்தி நிற்பதே அவன் கண்ணில் படவில்லை. இவனும் தலையாட்டி, கைப்பிடியைத் திருப்பி, ஏதோ நாளைக்கே கிளம்பப் போகிறவன் மாதிரி கேள்வி கேட்டுக்கொண்டிருந்தான். ஐந்து நிமிஷம் பொறுத்தேன். அதற்கு மேல் என்னால் ஆகாது.

"சில்வேன், ஓட்டப்போறது நான்."

ரொஸேரின் காது இரண்டும் சிவந்தன. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமோ என்று மனசு அடித்துக்கொண்டது எனக்கு. சில்வேன் என்னைப் பார்த்தான், அவனைப் பார்த்தான், தன் பூட்ஸைப் பார்த்தான். ரொஸேர் மெதுவாக அந்தப் பச்சை வண்டியிலிருந்து இறங்கினான். கையுறைகளை எடுத்துக்கொண்டான். வெளியே போய்விடுவான் என்றுதான் நினைத்தேன்.

"அவ கட்டைவிரல் சின்னது" என்றான் சில்வேனிடம். "வேகம் கூட்டுற விசையை நாள் முழுக்க அமுக்கிட்டே இருக்கணும். அது லேசா இருக்கிற வண்டியாக் காட்டு."

நான் என் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டேன்.

அப்புறம் ஒரு மணி நேரம் அவன் என்னைப் படுத்திய பாடு இருக்கிறதே! ஒவ்வொரு இரட்டை சீட்டு வண்டியிலும் என்னை ஏற்றி உட்காரவைத்தான். முழங்கை மடங்குகிறதா, எழுந்து நின்றால் கைப்பிடி தொடையில் இடிக்கிறதா, முன் கண்ணாடி வழியாகப் பார்க்கிறேனா மேலாகப் பார்க்கிறேனா என்று குனிந்து குனிந்து பார்த்தான். ஒன்று ரொம்ப அகலம், ஒன்றுக்கு மூக்கு கனம். "இது வளைவுல நேராப் போகும், இவளும் கூடவே மரத்துக்குள்ள போவா." மணக்க மணக்க எண்ணெய் எரிக்கிற எஞ்சின்தான் எஞ்சின் என்று வாழ்நாளெல்லாம் சண்டை போட்டவன், சத்தமில்லாத, பெட்ரோல் குறைவாகக் குடிக்கிற கனமான எஞ்சினைக் கை காட்டினான். கயேதான் அதைத் தாத்தா வண்டி என்று கேலி பண்ணுவான் என்றேன். "அவன் அடுத்த பங்க்ல பெட்ரோலுக்கு வரிசையில நிக்கும்போது நாம உள்ள பட்டாணி சூப் குடிச்சிட்டிருப்போம்" என்றான். நாம என்றான். நான் கேட்காத மாதிரி இருந்தேன்.

கடைசியில் இரண்டு வண்டி மிஞ்சின, ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. முன் பக்கம் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான் என்றான். "அப்போ பின் பக்கம் நான் பார்க்கிறேன்" என்று சொல்லிக் கறுப்பின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, என் வயசிலும் எடையிலும் குதித்துப் பார்த்தேன். சில்வேன் பதறிப்போனான்.

"என்னடி பண்றே?"

"நீ ஒரு நாளாவது பின்னாடி உட்கார்ந்திருக்கியாய்யா? மேடு பள்ளம் எல்லாம் உனக்கு முன்னாடியே தெரியும், நீ எழுந்து நின்னுக்குவே. எனக்கு என் முதுகெலும்புதான் சொல்லும். காத்துல வர பனியெல்லாம் உன் தோளைத் தாண்டி என் கழுத்துக்குள்ளதான் போகும். கால் வைக்கிற பலகை இவ்வளவு உயரத்துல இருந்தா சாயங்காலம் இறங்கும்போது இடுப்பு பிடிச்சுக்கும். முப்பது வருஷம்!"

"இதெல்லாம் ஏன் சொல்லல?"

"தட்டினேனே!" என்றேன். ஹெல்மெட்டுக்குள் பேச்சு கேட்காது என்பதால் பின்னால் இருப்பவர் தோளில் தட்டுவதுதான் எங்கள் பாஷை. ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் போகலாம். "நான் ஒண்ணு தட்டினா நீ எப்போய்யா நிறுத்தினே?"

சில்வேன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். ரொஸேர் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஏதோ உற்சாகத்துல தட்டுறேன்னு நெனச்சேன்" என்று முனகினான். பாவி! நான் வெள்ளை வண்டிக்குப் போனேன். சாய்மானம் உயர்த்தலாம், இறக்கலாம். பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளும் கைப்பிடிகள் சூடாகும். காற்றைத் தடுக்கச் சின்னதாக ஒரு தடுப்பும் இருந்தது. குதித்துப் பார்த்தேன், முதுகு புகார் சொல்லவில்லை.

"இதுதான்" என்றேன்.

ஓட்டிப் பார்க்காமல் எப்படி என்று சில்வேன் சாவியை நீட்டினான். கடைக்குப் பின்னாலேயே பனிவண்டித் தடம் தொடங்குகிறது. ரொஸேர் நின்ற இடத்தில் நின்றான். அவன் பின்னால் ஏறி உட்கார்ந்தால் வாங்குவோம், இல்லாவிட்டால் வண்டி இங்கேயே இருக்கும், நாங்கள் ஜன்னலுக்குத் திரும்புவோம். இது அவனுக்கும் தெரியும். வெகு நேரம் மூக்கைத் தேய்த்தான். பிறகு சில்வேனிடம் மெதுவாக, "முகக் கண்ணாடி கறுப்பா இருக்கிற ஹெல்மெட் ஒண்ணு குடு. அந்தக் கடை ஜாக்கெட்டையும் குடு" என்றான். யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதாம். ஜாக்கெட் தொடை வரை தொங்கியது. போருக்குப் போகிறவன் மாதிரி எனக்குப் பின்னால் ஏறினான்.

வெளியே மூக்கு மயிர் உறைகிற குளிர். கட்டைவிரலை அமுக்கினேன், வண்டி நகர்ந்தது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு முன்னால் ஒரு முதுகு இல்லை. எத்தனை மரம், எவ்வளவு வெளிச்சம்! ஆனால் பின்னால் இருந்தவன் மரக்கட்டை மாதிரி விறைத்துக்கொண்டிருந்தான். முதல் வளைவில் நான் சாய, அவன் நிமிர, வண்டி வெளிப்பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. நிறுத்தி, ஹெல்மெட்டைத் தூக்கி, "சாயுய்யா! நான் சாஞ்சா நீயும் சாயணும். முப்பது வருஷம் நான் சாயல?" என்று கத்தினேன். அடுத்த வளைவில் கொஞ்சம் சாய்ந்தான், அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம்.

அப்புறம் பாலத்துக்கு இறங்கும் சரிவு வந்தது. வெயிலில் இளகி மறுபடி உறைந்த தரை, பளபளவென்று கண்ணாடியாகக் கிடந்தது. இடது கையால் பிரேக்கை இறுக்கிப் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தபோது கீழே வளைவில் விளக்குகள் தெரிந்தன. ஒன்று, இரண்டு, வரிசையாக. முன்னால் வருகிறவனின் நீல ஜாக்கெட்டைப் பார்த்ததும் எனக்குப் பக்கென்றது. கயேதான். எங்கள் கிளப். கயேதான் ஐந்து விரலைத் தூக்கினான், பின்னால் ஐந்து பேர். நான் பதிலுக்கு முஷ்டி காட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் எங்களுக்குப் பின்னாலும் வண்டி வருகிறது என்று நினைத்து அந்தச் சரிவிலேயே ஒதுங்கி நிற்பார்கள். பிரேக்கிலிருந்து கையை எடுத்தேன், வண்டியின் வால் விலுக்கென்று அவர்கள் பக்கம் திரும்பியது. ஐயோ என்று மறுபடி பிடித்துக்கொண்டேன். முன்னே கயேதானின் வண்டி தயங்கியது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை எனக்கு.

அப்போதுதான் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். என் தோளுக்கு மேலே, ஆரஞ்சு நிறத்தில், உயரமாக ஒரு முஷ்டி.

ஹெல்மெட்டை மாற்றினான், ஜாக்கெட்டை மாற்றினான், கையுறையை மாற்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. மறந்துபோய்த் தூக்கினானா, தெரிந்தேதான் தூக்கினானா, நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். கயேதானின் ஹெல்மெட் எங்கள் பக்கம் திரும்பியது. கையுறையைப் பார்த்தது, அப்புறம் முன்னால் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தது. முழங்கால் கதை அந்த இடத்திலேயே செத்தது. அவன் நிற்கவில்லை, ஐந்து விரலையும் தாழ்த்தாமல் அப்படியே எங்களைக் கடந்தான். நான்கு விரல் கடந்தது, மூன்று, இரண்டு, ஒன்று. கடைசியாக வந்த சின்னக் கறுப்பு வண்டி முஷ்டியைக் காட்டிவிட்டு மேலே ஏறிப் போனது. ஆரஞ்சு முஷ்டி அது வரைக்கும் ஆடாமல் நின்றது.

பாலத்தில் மெதுவாகப் போனேன். கீழே ஆறு உறைந்து கிடந்தது, அக்கரையில் தடம் இரண்டாகப் பிரிந்தது. வலது பக்கம் போனால் ஒரு வட்டம் சுற்றிக் கடைக்கே திரும்பிவிடலாம். இடது பக்கம் மலையைப் பார்த்துப் போகிறது, காஸ்பேக்கும் அதே வழிதான். கண்ணாடியில் கையைக் காணோம், கறுப்பு முகக் கண்ணாடிக்குள் என்ன நடக்கிறது என்றும் தெரியவில்லை.

என் தோளில் ஒரு தட்டு விழுந்தது.

நான் அவன் இல்லை. ஒரு தட்டுக்கே நிறுத்துகிறவள் நான். கட்டைவிரலை எடுத்துவிட்டேன். வண்டி வேகம் குறைந்து, பாலத்தின் முனையில், இரண்டு தடத்துக்கும் நடுவே நின்றது. முன் கண்ணாடியில் பனித்தூள் வந்து விழுந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான், இறங்கப் போகிறான் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போது இரண்டாவது தட்டு விழுந்தது.