ராணி விழ வேண்டிய காட்சி

ஸ்கேலுக்குக் காலையிலிருந்தே கழுத்தைத் திருப்ப முடியவில்லை. யாராவது கூப்பிட்டால் நாற்காலியோடு சேர்ந்து திரும்பினாள். மூட்டை தூக்கினால் முதுகு போகும் என்பது அவளுக்குத் தெரியும். அப்பா சிமெண்ட் மூட்டை தூக்கியே தேய்ந்தவர். உட்கார்ந்து பொம்மை வரைகிறவளுக்கும் அதே கூலிதான் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

அந்த அனிமேஷன் கம்பெனியில் அவள் பெயரை யாரும் சொல்வதில்லை. மேஜையில் பேனா ஒரு விரல்கடை நகர்ந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள், அதனால் ஸ்கேல். மூன்று வருஷமாக அவள் கையில்தான் ராணி வளர்கிறாள். ராணிதான் படத்தின் கதாநாயகி. எந்தத் தெருவில் எப்போது பெய்யலாம் என்று மேகத்துக்கே உத்தரவு போடுகிறவள். அந்த ஊரில் தும்முவதற்குக்கூட அவளிடம் அனுமதி வாங்க வேண்டும். ஏன் இப்படி ஆனாள் என்று சொல்வதற்கு ஒரே ஒரு ஷாட். சின்ன வயதில், பள்ளிக்கூடத்தில், ராணி சேற்றில் விழுகிறாள். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவ்வளவுதான்.

ராணி விழ மாட்டேன் என்கிறாள்.

முதலில் வழுக்கியவள் மரக்கிளையைப் பிடித்துக்கொண்டாள். டைரக்டர் கிளையை வெட்டச் சொன்னார். அடுத்த தடவை பூனை மாதிரி நாலு காலில் இறங்கினாள். அதற்கும் அடுத்த தடவை ராணி நின்றுகொண்டாள், சிரிக்க வேண்டிய பிள்ளைகள் வரிசையாக விழுந்தார்கள்.

"என்னம்மா இது, பிள்ளை விழுற காட்சியா, சர்க்கஸா?" என்றார் டைரக்டர். "சாயந்திரத்துக்குள்ள அவ விழணும். இல்லேன்னா ஷாட்டைப் பந்துகிட்ட குடுத்துடுவேன்."

பந்து அடுத்த அறைக்காரன். அவன் வரைந்தால் பிணம்கூட இரண்டு தடவை எம்பிக் குதித்துவிட்டுத்தான் படுக்கும். ராணியின் அவமானத்தையும் அவன் எம்பிக் குதிக்க வைப்பான்.

ஸ்கேல் மறுபடி பேனாவை எடுத்தபோது அண்ணி வந்து நின்றாள்.

"வீட்டுச் சாவி ரெண்டையும் நீயே எடுத்துட்டு வந்துட்டா, நான் ஜன்னல் வழியா பறந்து போறதா?"

"தொலைஞ்சிடும்னுதான் அண்ணி எடுத்துக்கிட்டேன்."

"எது, வீடா?"

இவள் அண்ணன் மனைவி மட்டுமல்ல. பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே வகுப்பு. ஸ்கேலின் பை, அம்மா சிமெண்ட் சாக்கில் தைத்துக் கொடுத்தது. கீழே வைத்தால் புஸ்ஸென்று தூசி கிளம்பும். உடனே வகுப்பே சேர்ந்து இருமும். இருமல் கோஷ்டிக்கு இவள்தான் தலைவி. 'மூட்டை' என்று பெயர் வைத்தவளும் இவளே. வளர்ந்த பிறகு, அதையெல்லாம் தட்டிக் கேட்கிறேன் என்று கிளம்பிப் போன அண்ணன், இவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றான். அன்றிலிருந்து ஸ்கேல் இவளை 'வாங்க, போங்க' என்று பேச வேண்டியதாயிற்று.

அண்ணி மானிட்டரை எட்டிப் பார்த்தாள். ராணி இரண்டு கையையும் பாந்தமாக ஊன்றி, தலைமுடி கலையாமல் விழுந்துகொண்டிருந்தாள்.

"என்ன பண்ணுது இது, தூங்கப் போகுதா?"

"பள்ளிக்கூடத்துல விழறா அண்ணி."

"இதுவா விழறது? நீ இப்படியா விழுந்தே?"

பேனா நின்றது.

"குழாயடியில. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நீ கையே ஊனல. பையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு மூஞ்சியாலயே இறங்கினே."

"பை விழுந்தா தூசி கிளம்பும். நீங்கள்லாம் இருமுவீங்க."

"அதுக்காகவா?" அண்ணி யோசித்தாள். "அப்படியும் இருமினோமே."

"இருமினீங்க. நான் வழுக்கியும் விழல. நீங்க கால நீட்டினீங்க."

"நீட்டினேன். இப்ப என்ன, கேஸ் போடப் போறியா?"

ஸ்கேல் மூக்கைத் தடவிக்கொண்டாள். அன்றைக்குப் பையை விட்டிருந்தால் மூக்கு தப்பியிருக்கும். விடவில்லை. அதற்கப்புறம்தான் எதை விட்டாள்? சாவியை விட்டாளா? அண்ணி சர்க்கரை டப்பாவைத் திறந்தால் எத்தனை ஸ்பூன் என்று எட்டிப் பார்க்கிற பழக்கத்தைத்தான் விட்டாளா?

"அண்ணி, அப்படியே ஒரு தடவை விழுந்து காட்டுங்க."

"என்னது?"

"எனக்கு உள்ளேருந்துதான் தெரியும். வெளியேருந்து பார்த்தது நீங்கதான்."

அண்ணி இடுப்பில் கை வைத்தாள். "சாவி ஒண்ணு எனக்கு."

"சரி."

"சர்க்கரை டப்பா பக்கம் நீ வரக் கூடாது."

ஸ்கேல் ஒரு சாவியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். "சரி."

நடித்துப் பார்க்கிற அறையில் மெத்தையை விரித்து, கேமராவை ஓடவிட்டார்கள். காலை நீட்ட ஒரு ஆள் வேண்டுமே. ஸ்கேலே நீட்டினாள். அண்ணி கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொண்டு நடந்து வந்தாள். கால் கொஞ்சம் சீக்கிரமாகவே நீண்டுவிட்டது. அண்ணியின் மேல்பாதி மெத்தையிலும் கீழ்ப்பாதி தரையிலுமாக விழுந்து, அறை ஒருமுறை அதிர்ந்தது. வாசலில் பந்தும் நாலைந்து பேரும் சிரித்தார்கள். அவர்கள் நிறுத்திய பிறகும் ஸ்கேல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்னடி சிரிப்பு?" என்றாள் அண்ணி மெத்தைக்குள்ளிருந்து.

சாயந்திரம் டைரக்டர் பார்த்தார். கூட்டத்திலிருந்து ஒரு கால் நீள்கிறது. ராணி பையைக் கட்டிக்கொண்டு முகத்தால் விழுகிறாள். எழுந்ததும் மூக்கைத் தொடவில்லை. சத்தம் வராமல், தூசி கிளம்பாமல், பையை மெள்ளக் கீழே வைக்கிறாள். அப்புறம்தான் சிரிக்கிறவர்களைப் பார்க்கிறாள்.

"இந்தக் கால் யாருது? கதையில இல்லையே."

"அது இல்லாம அவ விழ மாட்டா சார்."

மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார். "இருந்துட்டுப் போகட்டும். பந்துக்கு வேற ஏதாவது குடுக்கறேன்."

வரவேற்பறையில் அண்ணி முழங்கையைத் தேய்த்தபடி உட்கார்ந்திருந்தாள். முகம் உம்மென்று இருந்தது.

"சிரிச்சதுக்கு மன்னிச்சுக்கங்க அண்ணி."

"சரி, விடு. எனக்கு எதையும் மனசுல வச்சுக்கற பழக்கம் இல்ல," என்றாள் அண்ணி, பெரிய மனதோடு.

ஸ்கேல் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அண்ணி கைப்பையைத் தோளில் மாட்டினாள். எழுந்து, நொண்டிக்கொண்டே பஸ்ஸுக்கு நடந்தாள். சிரித்ததற்கான மன்னிப்பு அங்கேயே தீர்ந்தது. அன்றைக்குக் குழாயடியில் காலை நீட்டியதற்கு அண்ணி கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.