பெஞ்சில் ஒருவர் ஆரஞ்சு சாப்பிடுகிறார்

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்பதற்குள் நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் வாங்க மறந்த ஒரு கையெழுத்திலிருந்து வந்தது. உத்வேகம், மனித மனத்தின் ஆழம் என்றெல்லாம் பேட்டிகளில் சொல்வார்களே, அதெல்லாம் இங்கே கிடையாது. நாற்பத்து நான்கு கையெழுத்து வாங்க வேண்டிய இடத்தில் நாற்பத்து மூன்று வாங்கினேன். அவ்வளவுதான்.

என் அக்கா ஒரு படம் எடுத்தாள். பின்னால் எந்தப் பெரிய கம்பெனியும் இல்லாத சின்னப் படம். அவள் இயக்குநர், நான் தயாரிப்பு நிர்வாகி. சின்னப் படத்தில் தயாரிப்பு நிர்வாகி என்றால், வேறு யாரும் கிடைக்கவில்லை, தம்பி வீட்டில் சும்மா இருந்தான் என்று அர்த்தம். (சும்மா இருக்கவில்லை. நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வீட்டில் இன்னும் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை.)

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"அன்று காலை பேய்மழை கொட்டிக்கொண்டிருந்தது. பேருந்து நிலையத்தில் நூற்றுக்கணக்கானோர்"

நிறுத்திவிட்டேன். மழை என்றால் தண்ணீர் லாரி வேண்டும். நூற்றுக்கணக்கானோர் என்றால் நூற்றுக்கணக்கான சாப்பாட்டுப் பொட்டலம். கதையில் மழைக்குச் செலவில்லை என்று எனக்கும் தெரியும்; ஆனால் இரண்டு வருடம் தயாரிப்பு நிர்வாகியாக இருந்தவனுக்கு மனசு வராது.

"அன்று காலை வானம் மேகமூட்டமாக இருந்தது. பேருந்து நிலையத்தில் ஏழெட்டுப் பேர்"

இது கட்டுப்படியாகும். ஆனால் பொய். அன்று மண்டையைப் பிளக்கும் வெயில். மேகமூட்டம் என்று எழுதியது பழக்கதோஷம்: வெயில் ஏறினால் ஒளிப்பதிவாளர் என்னைத்தான் திட்டுவார், ஏதோ நான் போய் சூரியனை அழைத்து வந்த மாதிரி.

மூன்றாவதாக எழுதியதுதான் மேலே தலைப்பாக நிற்கிறது. பெஞ்சில் ஒருவர் ஆரஞ்சு சாப்பிடுகிறார். ஒரு பெஞ்சு, ஒரு ஆள், ஒரு பழம். இதைவிடச் சிக்கனமாக ஒரு கதையைத் தொடங்க முடியாது.

3.

அக்காவின் படத்தில் ஒரு கணவனும் மனைவியும் பூட்டு ரிப்பேர் கடை நடத்துகிறார்கள். இருபது வருடம் சேர்ந்து வாழ்ந்துவிட்டு, பெரிய சண்டை எதுவும் இல்லாமல் பிரிகிறார்கள். கடைசிக் காட்சி பேருந்து நிலையத்தில். பதினோரு நிமிடம், ஒரே ஷாட், நடுவில் வெட்டே கிடையாது. அதிலும் கடைசி மூன்று நிமிடம் மனைவி மட்டும் பேசுவாள். அந்த மூன்று நிமிடத்துக்காகத்தான் அக்கா படமே எடுத்தாள்.

படத்தில் முகம் தெரிகிற ஒவ்வொருவரும், "என் முகத்தைப் பயன்படுத்திக்கொள்ள எனக்குச் சம்மதம்" என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். ஒப்புதல் படிவம் என்று பெயர். அது இல்லாமல் யாரும் படத்தை வாங்க மாட்டார்கள். அன்று நான் ஃபைலும் பேனாவுமாக நிலையம் முழுக்க நாயாக அலைந்தேன். டிக்கெட் கவுன்டர்காரர், பேப்பர் விற்பவர், கைக்குழந்தையோடு வந்த ஒரு அம்மா, எல்லாரிடமும் வாங்கினேன். நாயோடு வந்த ஒருவர் கேட்டார்:

"நாய்க்கும் சேர்த்து நானே போடணுமா?"

"போட்டுடுங்க சார், எதுக்கு வம்பு?"

அவ்வளவு ஜாக்கிரதையான ஆள் நான்.

எங்கள் சித்தப்பா அன்று தன் வேனில் எல்லாருக்கும் சாப்பாடு கொண்டுவந்திருந்தார். எங்கே உட்காரட்டும் என்று கேட்டார். "அந்தக் கோடி பெஞ்சுல உக்காருங்க சித்தப்பா, அது கேமராவுல வராது" என்று சொன்னது நான். எட்டாவது நிமிடத்தில் கதாநாயகியோடு சேர்ந்து கேமரா மெதுவாகத் திரும்பியது. பெஞ்சு வந்தது. சித்தப்பா வந்தார். பையிலிருந்து ஆரஞ்சும் வந்தது.

அவரிடம் ஏன் கையெழுத்து வாங்கவில்லை? நீங்களே சொல்லுங்கள், சொந்தச் சித்தப்பா முன்னால் போய்ப் பேனாவை நீட்ட முடியுமா? "என்னடா, என்மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டுவிட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

4.

பதினான்கு கம்பெனிகள் படத்தைப் பார்த்துவிட்டு, மிகவும் மரியாதையாக, வேண்டாம் என்றன. இணையத்தில் படம் காட்டும் ஒரு கம்பெனி மட்டும் வாங்குகிறேன் என்றது. அவர்களுடைய வக்கீல் அம்மா ஃபோன் செய்தார். அக்காவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"சார், பெஞ்சுல ஆரஞ்சு சாப்பிடுறாரே, அந்தப் பெரியவர் யாரு?"

"எங்க சித்தப்பா மேடம்!" என்றேன், பெருமையாக.

"எங்க கமிட்டியே அவர்கிட்ட விழுந்துடுச்சு. அந்தம்மா பாட்டுக்கு அழுதுட்டு இருக்காங்க, இவர் பாட்டுக்கு ஒவ்வொரு விதையா எடுத்துக் கைக்குட்டையில அடுக்குறாரு. சிரிச்சுச் சிரிச்சு வயிறே புண்ணாயிடுச்சு. போஸ்டர்லயும் அவர்தான். அவர் இல்லாம இந்தப் படத்தை வாங்கவே மாட்டேன்னு தலைவர் சொல்லிட்டாரு. ஆனா ஃபைல்ல அவர் படிவத்தை மட்டும் காணோம். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள அனுப்பிடுங்க."

அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"சிரிச்சாங்களா?"

அந்தக் கேள்வியை அன்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்குப் படிவம்தான் கவலை.

5.

(இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்தி ஒரு விஷயம்.)

ஒருமுறை சூடுபட்டுக்கொண்ட பிறகு, இந்தக் கதையை எழுத எல்லாரிடமும் முன்கூட்டியே படிவம் வாங்கிவிட்டேன். ஆளாளுக்கு ஒரு நிபந்தனை போட்டார்கள்.

சித்தப்பா: "உன் தப்பை உன் தப்புன்னே எழுதணும்." (எழுதிவிட்டேன், மூன்றாம் பகுதி.)

சித்தி: கதை முழுக்கத் தன்னை ஒல்லியாகக் காட்ட வேண்டும்; வாக்குவாதம் எதிலும் தான் தோற்கக் கூடாது.

அக்கா: அழுததாக எழுதக் கூடாது.

கதாபாத்திரங்கள் தாமாகவே உயிர்பெற்று எழுத்தாளரை இழுத்துக்கொண்டு போகும் என்று சொல்வார்கள். என்னுடையவர்கள் கார்பன் காப்பி கேட்கிறார்கள்.

6.

வக்கீல் அம்மா சொன்னதையெல்லாம் ஃபோனில் சொல்லிவிட்டு, புதன்கிழமை சித்தப்பா வீட்டுக்குப் போனோம். ஒல்லியான சித்தி கதவைத் திறந்தார்.*

* சித்தி இதைப் படித்துவிட்டு, "இன்னொரு இடத்துலயும் போடுடா" என்றார். போடுகிறேன்.

சித்தப்பா சோபாவில் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம என்னை நடிக்க வெச்சுட்டீங்கல்ல?" என்றது பேப்பர்.

"நடிக்க எங்க சித்தப்பா வெச்சோம்? நீங்க பழம்தானே சாப்பிட்டீங்க."

"மூணு நிமிஷம் தொடர்ந்து சாப்பிட்டிருக்காரு," என்றார் சித்தி. "உங்க ஹீரோவைச் சாப்பிடச் சொல்லு பாப்போம். ஒரு விதை சிந்தலை. அது நடிப்பு இல்லாம என்ன?"

பிறகு சித்தி சமையலறைக் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதிவைத்திருந்த கோரிக்கைகளைப் படித்தார். கதாநாயகன் பெயர் அளவுக்குப் பெரிய எழுத்தில் சித்தப்பா பெயர். அதற்கு மேலே "அறிமுகம்" என்ற சொல்.

"சித்தி, அவருக்கு அறுபத்து மூணு வயசு."

"அதனால என்ன? இதுக்கு முன்னாடி யாராவது அறிமுகப்படுத்தினாங்களா?"

நான் தோற்றேன். (நிபந்தனைப்படியும், உண்மையிலும்.)

ஒல்லியான சித்தி அடுத்ததாகப் படத்தின் வெளியீட்டு விழாவுக்கு வேனில் எத்தனை பேர் வரலாம் என்று ஆரம்பித்தார். அப்போது பேப்பர் கீழே இறங்கியது.

"அதெல்லாம் அப்புறம். முதல்ல படத்தைக் காட்டுங்க," என்றார் சித்தப்பா. "எதுல கையெழுத்துப் போடுறேன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது, கதாபாத்திரமாக. இதுவரை வீம்பு பிடித்த கிழவராக நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தார். திடீரென்று நியாயமாகப் பேசினால் வாசகர் நம்புவாரா? அந்த வரியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் அவர் அப்படித்தான் சொன்னார்.

7.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டரைக்கு அவர்கள் வீட்டுக் கூடத்தில் ஜன்னல்களுக்குப் போர்வை கட்டி, டிவியில் படத்தைப் போட்டோம். என் பையில் படிவம். அவர் மாட்டேன் என்றால் ஆபத்துக்கு உதவட்டும் என்று, கம்ப்யூட்டரில் பெஞ்சைக் காலியாக்கிய இன்னொரு பிரதியையும் எடிட்டரிடம் சொல்லித் தயார் செய்து வைத்திருந்தேன். அதை அந்தக் கம்பெனி வாங்காது. ஆனால் படமாவது சட்டச் சிக்கல் இல்லாமல் எங்கள் கையில் இருக்கும்.

சித்தப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். முழுப் படத்தையும் பார்த்தார். பேருந்து நிலையம் வந்தது. எட்டாவது நிமிடம் வந்தது.

"ஐயோ, விதையைப் பாருங்களேன்!" என்று சித்தி சிரித்தார்.

"கொஞ்சம் சும்மா இரு. அந்தப் பொண்ணு பேசுது," என்றார் சித்தப்பா.

சித்தி வாயை மூடிக்கொண்டார். (நிபந்தனை மீறல். வழக்குப் போட்டால் பார்த்துக்கொள்கிறேன்.)

படம் முடிந்ததும் அந்த மூன்று நிமிடத்தை மறுபடி போடச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை.

"பாப்பா," என்றார். அக்காவுக்கு நாற்பத்தொன்று. "இது அவங்க பிரியற சீன்தானே?"

"ஆமா சித்தப்பா."

"'சாவியை நீயே வெச்சுக்கோ, உள்ள யாரும் இல்லை'ங்குறா. அப்ப நான் என்ன பண்றேன்? தோல் உரிக்கிறேன். இருபது வருஷக் குடித்தனம் போகுது, பாக்குறவன் என் வாயையே பாத்துட்டு இருப்பான். என்னைத் தூக்கிடு."

"அவருக்குத்தான் எல்லாரும் விழுந்துட்டாங்களாம்," என்றார் சித்தி. "தூக்கச் சொல்றாரு பாரு!"

"தூக்கினா அவங்க வாங்க மாட்டாங்க சித்தப்பா," என்றாள் அக்கா.

"அவங்க எதை வாங்குறாங்க? இந்தப் பொண்ணையா, ஆரஞ்சையா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தப் படத்தை நான் நூறு தடவையாவது பார்த்திருப்பேன். அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று அன்றுதான் கேட்டேன். அதுவரை நானும் ஆரஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"பதினாலு பேர் வேணாம்னுட்டாங்க," என்றாள் அக்கா. "இவங்களும் இல்லேன்னா இந்தப் படத்தை யாருமே பாக்க மாட்டாங்க. நான் ஒண்ணு எடுத்தேன்கிறதே யாருக்கும் தெரியாது. சிரிச்சாலும் பரவாயில்லை, பாத்தா போதும்னு இருக்கு. அப்புறம் ஐயோ சிரிக்கிறாங்களேன்னும் இருக்கு. என்ன பண்றதுன்னே தெரியல சித்தப்பா."

அக்கா அழவில்லை. கொஞ்ச நேரம் அழவில்லை. சித்தி எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

சித்தப்பா என்னிடமிருந்து படிவத்தை வாங்கி டீப்பாய்மேல் வைத்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"பெரிய எழுத்தும் வேணாம், அறிமுகமும் வேணாம். நீதான் டைரக்டர். போடுன்னா போடுறேன், வேணாம்னா பேனாவை மூடிடுறேன். எனக்கு எதுவானாலும் சம்மதம்."

ஐந்தாக இருபது நிமிடம் இருந்தது.

8.

முடிவு அ: அக்கா, "போடுங்க சித்தப்பா" என்றாள். படம் வெளியானது. ஊரெல்லாம் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் எங்கோ ஒருத்தி சிரிக்காமல்

(வேண்டாம். எங்கோ ஒருத்தி என்றால் அவளுக்கு ஒரு வீடு காட்ட வேண்டும். புது லொக்கேஷன்.)

முடிவு ஆ: அக்கா படிவத்தை நான்காகக் கிழித்தாள். காலிப் பெஞ்சோடு படம் அலமாரிக்குப் போனது. அவள் நிம்மதியாக

(நிம்மதியாக என்ன? ஆறு வருட உழைப்பு அலமாரியில் கிடக்க, எவளுக்கு நிம்மதி வரும்? எழுதுகிறவனுக்கு வேண்டுமானால் வரும்.)

முடிவு இ: நாலு ஐம்பத்தொன்பதுக்கு வக்கீல் அம்மா ஃபோன் செய்து, பெஞ்சு காலியானாலும் பரவாயில்லை, கமிட்டி மனம் மாறிவிட்டது என்றார்.

(கமிட்டி என்றால் குறைந்தது எட்டு நாற்காலி. அதோடு, கமிட்டிகள் மனம் மாறுவதை நீங்களும் நம்ப மாட்டீர்கள்.)

நடந்ததைத்தான் எழுதிவிட வேண்டும். எழுதினேன். நாலு ஐம்பதுக்கு அக்கா வாயைத் திறந்து சொன்னதை, அவள் சொன்ன சொல்லிலேயே எழுதி, அவளிடம் காட்டினேன். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள், அழுதது மாதிரி தெரிகிற இடம் உட்பட. கடைசிப் பக்கத்தில் மட்டும் போடவில்லை.

"ஏன்கா?"

"டேய், கதை முழுக்க நீ எதைப் பத்தி எழுதியிருக்கே?"

திரும்பப் படித்துப் பார்த்தேன். ஆரஞ்சைப் பற்றி. அந்தப் பெண் சொல்வதில் ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறேன், அதையும் சித்தப்பா வாயால்.

கையெழுத்து இல்லாத பக்கத்தை அச்சில் விட எனக்கு உரிமை இல்லை. எடுத்துவிட்டேன். எனவே இதை நீங்கள்தான் முடித்துக்கொள்ள வேண்டும். பூட்டு ரிப்பேர் கடைக்காரர்களைப் பற்றிய ஒரு படம் எங்காவது உங்கள் கண்ணில் பட்டால், கடைசி ஷாட்டின் எட்டாவது நிமிடத்தில் கேமரா திரும்பும். பெஞ்சில் ஆள் இருக்கிறாரா என்று பார்த்தால் அக்கா என்ன சொன்னாள் என்று தெரிந்துவிடும். அல்லது, முடிந்தால், அந்தப் பக்கமே பார்க்காதீர்கள். இந்தப் பக்கம் ஒரு பெண் பேசிக்கொண்டிருப்பாள். அந்த மூன்று நிமிடத்தை எழுத அக்காவுக்கு ஆறு வருடம் ஆயிற்று.