நீலம் ஒட்டிய கை

நெய்வேலியில் சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்துவிடக் கூடாதென்று இராப்பகலாக பம்பு வைத்து நிலத்தடி நீரை இறைத்துக் கொட்டுகிறார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில், எங்கள் பிளாக் மாதர் மன்றம் நடத்திய பாலர் பள்ளியில் குடிதண்ணீருக்கு இரண்டு பானைகள். ஒன்று குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு. மற்றது கான்ட்ராக்ட் கூலிகளின் குடிசைகளிலிருந்து வரும் கேம்ப் பிள்ளைகளுக்கு.

மன்றத் தலைவி ஜானகியம்மாள் சாதி பார்ப்பவர் அல்ல. யாரும் கேட்காமலே அதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் பார்த்ததெல்லாம் கிருமிதான். தீட்டு என்ற சொல்லைச் சொந்த ஊர்ப் பரணில் போட்டுவிட்டு வந்தவர், இங்கே வந்ததும் ஒரு சுகாதாரப் புத்தகம் வாங்கிக்கொண்டார். தினமும் காலையில் நகம் பார்ப்பார். குவார்ட்டர்ஸ் பிள்ளைகளின் நகத்தைக் கையைப் பிடித்துப் பார்ப்பார். கேம்ப் பிள்ளைகளின் நகத்தை நின்ற இடத்திலிருந்தே பார்த்துவிடுவார். அவ்வளவு கூர்மையான கண்.

பிறகு பாடம். "கேம்ப் பசங்களைத் தொட்டா என்ன ஆகும்?"

"கிருமி ஒட்டும்" என்று பிள்ளைகள் ஒரே குரலில் கத்துவார்கள். கேம்ப் பிள்ளைகளும் சேர்ந்துதான் கத்துவார்கள். பாடம் என்றால் எல்லோருக்கும் பொதுதானே.

டீச்சர் மார்த்தாளுக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் அவள் டெம்பரரி. பர்மனென்ட் ஆனால்தான் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். குவார்ட்டர்ஸ் கிடைத்தால்தான், குள்ளஞ்சாவடியில் மாமன் வீட்டில் ஏச்சோடு சோறு தின்னும் அம்மாவை அழைத்து வர முடியும். பர்மனென்ட் உத்தரவு ஜானகியம்மாள் கையில் இருந்தது. மன்றத்து உறுப்பினர்களுக்கு முன்னால் சுகாதாரப் பாடம் ஒன்றை நடத்திக் காட்டு, பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்.

மார்த்தாள் கெட்டிக்காரி. முதலில் ஒத்திகையாக, துணிக்குப் போடும் நீலப்பொடியைக் குழைத்து என்ஜினியர் மகன் ஜெயராமன் கையில் தடவிவிட்டு, பிள்ளைகளை ரயில் விளையாட விட்டுப் பார்த்தாள். முன்னால் நிற்பவன் சட்டையைப் பின்னால் நிற்பவன் பிடித்துக்கொண்டு ஓடும் விளையாட்டு. சற்று நேரத்தில் சட்டை, மூக்கு, கதவு, சிலேட்டு எல்லாம் நீலம். கண்ணுக்குத் தெரியாத கிருமி இப்படித்தான் பரவும், யார் கையிலிருந்தும் பரவும் என்று காட்ட இதைவிட என்ன வேண்டும்? அவளுக்கே தன்மேல் பெருமையாக இருந்தது.

ஜானகியம்மாளுக்கும் யோசனை பிடித்தது. ஒரே ஒரு திருத்தம் சொன்னார். "ஜெயராமன் வேண்டாம். கேம்ப் பசங்கள்ல ஒண்ணு கையில தடவு. அப்பத்தான் இயற்கையா இருக்கும்."

"யார் கையிலயும் இருக்கும்ங்களே, அம்மா."

"உனக்கு பர்மனென்ட் வேணுமா, வேண்டாமா?"

வேண்டும். கூலி கலியனின் மகள் தனகோடியின் கையில் நீலம் ஏறியது. நாலு வயசு. எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்ற சந்தோஷத்தில் கையை விரித்துக் காட்டினாள். காலையில் கத்தும் பாடத்தைப் பிள்ளைகள் விளையாட்டில் மறந்துவிடுவார்கள் என்று மார்த்தாள் நம்பினாள். பிள்ளைகளை அவள் குறைத்து எடைபோட்டுவிட்டாள்.

உறுப்பினர்கள் நாற்காலியில் அமர்ந்து போண்டா சாப்பிட்டார்கள். ரயில் கிளம்பியது. தனகோடி கடைசிப் பையனின் சட்டையைப் பிடிக்கப் போனாள். அவன் விலகினான். ரயிலே வளைந்து ஓடியது. அதுவும் விளையாட்டு என்று நினைத்து அவள் சிரித்துக்கொண்டே துரத்தினாள். ஓரமாகக் கிடந்த ஒரு பந்தை எடுத்து நீட்டினாள். அந்தப் பந்தை யாரும் தொடவில்லை. அப்புறம் சிரிப்பு நின்றது. மூலையில் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முகமெல்லாம் நீலமாயிற்று.

மார்த்தாள் ஒவ்வொரு பிள்ளையின் கையாகத் திருப்பிப் பார்த்தாள். ஒரு கையிலும் பொட்டு நீலம் இல்லை. பாடம் படுத்துவிட்டது, வேலை போய்விட்டது என்றே நினைத்தாள்.

ஜானகியம்மாள் எழுந்து நின்றார். "பாத்தீங்களா? ஒரு பிள்ளைக்கும் பரவலை. இதுதான் நம்ம ட்ரெயினிங்."

கைதட்டல்.

"பரவலைங்க... அந்தப் பொண்ண யாரும் தொடவே இல்லீங்க, அதனால..." என்றாள் மார்த்தாள்.

"அதைத்தானேம்மா நானும் சொல்றேன். ஒண்ணாம் தேதியிலேர்ந்து நீ பர்மனென்ட்."

மார்த்தாளுக்கு அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. "சரிங்கம்மா" என்றாள். சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

சோப்பும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனாள். "வா கண்ணு, கழுவி வுடறேன்" என்று கையை நீட்டினாள்.

தனகோடி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"தொடாத டீச்சர். உனக்கும் ஒட்டிக்கும்."